மருத்துவப் பணியில் இருப்போர்க்கு மேற்படிப்பு எதற்கு?



சென்ற கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நம் சங்கப் பெரியவர் ஒருவர் நம்மிடம், "உம் தங்கை மகள் பதினொரு வருஷமாகத் தாதி உத்தியோகம் பார்க்கிறாளே, இன்னும் என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்டார். அவர் தவறாகக் கேட்கவில்லை. இதே கேள்வியை இதைவிடக் கடுமையாக அந்தப் பெண்ணிடம் நாமே ஒருமுறை கேட்டிருக்கிறோம். ஆகவே பெரியவருக்கு அங்கேயே அரைகுறையாகப் பதில் சொல்லாமல், விஷயத்தை விசாரித்தறிந்து இந்தப் பக்கத்தில் எழுதலாமென்று எண்ணினோம்.

நாம் வைத்தியம் அறிந்தவரல்லர். மதறஸாவில் ஓதியதும், தொடக்கப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததுமே நம் கல்வி. கிள்ளானில் மளிகைக் கடை நடத்துகிறோம். நோயும் வைத்தியசாலையும் இல்லாத வீடு எது? அந்த உரிமையில் எழுதுகிறோம்.

நடந்தது

நம் தாயாருக்கு வயது 74. நீரிழிவு உண்டு. சென்ற வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு நாளாகக் காய்ச்சல் விடவில்லையென்று பக்கத்துக் கிளினிக் ஒன்றுக்கு அழைத்துப் போனோம். காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அன்று அங்கே கூட்டம் அதிகம். நாமும் கடையைப் பையனிடம் விட்டு வந்த அவசரத்தில் விவரமாக ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் தாயார் சோறு வேண்டாமென்றார். "அஸர் தொழுதாயிற்றா?" என்று மூன்று தடவை கேட்டார். வயதானால் மறதி சகஜம் என்று நாம் சும்மா இருந்துவிட்டோம்.

இரவு ஒன்பதரை மணிக்குத் தங்கை மகள் வேலை முடிந்து, உடுப்புக்கூட மாற்றாமல் பாட்டியைப் பார்க்க வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசுவதுபோல் பேசிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு நிமிஷம் முழுதும் மூச்சை எண்ணியிருக்கிறாள் என்பது நமக்குப் பின்னரே தெரிந்தது. எண்ணிக்கை 28. கை கால்களைத் தொட்டுப் பார்த்தாள். மத்தியானத்திலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தார், எரிச்சல் இருந்ததா என்று நம் மனைவியிடம் கேட்டாள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். எழுந்து வந்து, "மாமா, வண்டியை எடுங்கள். காலை வரை காத்திருக்கக் கூடாது" என்றாள்.

சிறுநீரில் உண்டான கிருமி இரத்தத்தில் பரவத் தொடங்கியிருந்தது என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். ஒன்பது நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அல்ஹம்து லில்லாஹ், தாயார் இன்று வீட்டில் நலமாக இருக்கிறார்.

வளர்ந்த மனிதர் ஓய்வாக இருக்கையில் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவது வழக்கம். உடம்பில் கிருமி பரவும்போது, இரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே பல சமயம் மூச்சு விரைவாகும். முதியவர்களுக்குக் காய்ச்சல் அதிகம் காட்டாமல் புத்தித் தடுமாற்றமே முதல் அடையாளமாக வருவதும் உண்டு. நாம் மறதி என்று நினைத்ததை அவள் அடையாளம் என்று கண்டாள்.

வைத்தியசாலை நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது, "இதெல்லாம் உனக்கு எப்படியம்மா தெரிந்தது?" என்று கேட்டோம். அவள் சொன்னாள்: "பதினொரு வருஷம் பார்த்துப் பழகியதால் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது, மாமா. ஆனால் ஏன் இப்படி ஆகிறது, டாக்டர் வருவதற்கு முன் நான் எதுவரை செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் எனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதியைப் படிக்கத்தான் அன்றைக்குக் கேட்டேன்."

நமக்குத் தலை கவிழ்ந்தது. அதற்கு முந்திய வருஷம் அவள் விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து காட்டியபோது, "முப்பத்திமூன்று வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன பட்டம்? படித்தது போதாதா?" என்று சொல்லிவிட்டோம். அவளுக்குத் தகப்பன் இல்லை. நம் சொல்லைத் தட்டமாட்டாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இது என்ன படிப்பு?

தாதியர், உதவி மருத்துவ அதிகாரிகள், மருந்தாளர், உடற்பயிற்சிச் சிகிச்சை செய்வோர், எக்ஸ்ரே எடுப்போர், உணவு முறை சொல்வோர் ஆகிய இவர்களெல்லாம் முதற் படிப்பை முடித்து உத்தியோகத்தில் அமர்ந்து சில ஆண்டுகள் ஆனபின், வேலையை விடாமலே பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்குப் படிப்பதையே இங்கு குறிப்பிடுகிறோம். மேல்நிலை மருத்துவப் பணிப் படிப்பு என்று இதைச் சொல்லலாம். புதிதாக ஒரு தொழிலைக் கற்பதன்று இது. கையில் உள்ள தொழிலை ஆழமாகக் கற்பது.

நம் கடைப் பையன் கையால் அள்ளியே இது ஒரு கிலோ அரிசி என்பான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனாலும் தராசில் நிறுக்காமல் வாடிக்கையாளரிடம் கொடுப்போமா? கைப்பழக்கம் வேண்டும், தராசும் வேண்டும். அனுபவம் கையென்றால் கல்வி தராசு.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பணிக்கு 2017இல் ஒரு பொதுத் திட்டம் வகுத்தார்கள். அதில் நான்கு தூண்கள் சொல்லப்பட்டன.

முதலாவது, நோயாளியிடம் நேரே செய்யும் வேலை. நோயாளியின் வரலாற்றைக் கேட்டல், உடம்பைப் பரிசோதித்தல், இன்ன நோயாக இருக்கலாம் என்று எடை போடுதல், எந்தச் சோதனை வேண்டுமென்று முடிவு செய்தல், தன் வரம்புக்குள் சிகிச்சை தொடங்குதல், வரம்பு கடந்தால் உடனே டாக்டரிடம் ஒப்படைத்தல் ஆகியன இதில் அடங்கும்.

வரலாறு கேட்பது எளிதென்று நினைக்கலாகாது. நம் ஊர்க் கிழவி ஒருத்தி "கால் மதமதவென்று இருக்கிறது" என்பாள். கேட்பவருக்கு விஷயம் தெரியாவிட்டால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடுவார். தெரிந்தவர் அது நீரிழிவால் நரம்பு கெட்டதின் அடையாளமாயிருக்கலாம் என்று எண்ணிச் செருப்பைக் கழற்றச் சொல்லுவார். இரண்டு பாதங்களையும், விரலிடுக்கையும் பார்ப்பார். மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி உண்டா என்று சோதிப்பார். உணர்ச்சி கெட்ட காலில் கல் குத்தினாலும் தெரியாது. புண் பெரிதான பின்பே தெரியும். விரலையோ காலையோ எடுக்கும்படி ஆவது பெரும்பாலும் இப்படித்தான்.

நோன்பு மாதத்தையும் எண்ணிப் பாருங்கள். இன்சுலின் போடுகிற ஒருவர், திட்டுவார்களென்று பயந்து, நோன்பு வைப்பதை வைத்தியசாலையில் சொல்லாமல் மறைப்பார். பக்குவமாகக் கேட்கத் தெரிந்த தாதி ரமளானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே கேட்டறிந்து, நோன்பு வைக்கத்தக்க உடல்நிலையா என்று டாக்டரிடம் காட்டி, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற ஏற்பாடு செய்வார். இரத்தச் சர்க்கரை 3.9க்குக் கீழே இறங்கினாலும் 16.6க்கு மேலே ஏறினாலும் நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது நீரிழிவு நிபுணர்கள் வகுத்துள்ள விதி. இதைச் சொல்ல மருத்துவமும் தெரிய வேண்டும், மனிதர் மனமும் தெரிய வேண்டும்.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்திய வம்சத்தாரிடம் இன்னும் அதிகம். அத்தனை பேருக்கும் டாக்டர் ஒருவரே ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து கால் பார்த்து, உணவு சொல்லி, ஊசி போடப் பழக்கிக் கொடுக்க முடியுமா? அங்கேதான் இப்படிப் படித்தவர் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது தூண், முன்னின்று நடத்துதல். ஒரு வார்டில் தவறு நடந்தால் யாரையாவது ஏசிவிட்டுப் போகாமல், அது ஏன் நடந்தது என்று பார்த்து முறையைத் திருத்துவது.

மூன்றாவது, கற்பித்தல். தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் இளையோருக்கும் நோயாளியின் வீட்டாருக்கும் சொல்லிக் கொடுப்பது.

நான்காவது, ஆராய்ச்சி. இதைக் கேட்டவுடன் கண்ணாடிக் குழாய்களும் வெள்ளைச் சட்டையும் நினைவுக்கு வரும். வேலையில் இருப்பவர் தம் கண்முன் நடப்பதைக் கணக்கெடுத்துக் காரணம் தேடுவதும் ஆராய்ச்சிதான். இதற்கு நம் கிள்ளானே சாட்சி. 1901இல் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் இவ்வூர் மாவட்ட வைத்தியராக வந்தார். அப்போது கிள்ளானில் மலேரியாக் காய்ச்சல் கொள்ளை போல் பரவியிருந்தது. அவ்வருஷம் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் காய்ச்சல் பிடித்தது. மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ராஸ் 1897இல் இந்தியாவில் கண்டறிந்து நாலு வருஷந்தான் ஆகியிருந்தது. வாட்சன் அதைக் கற்றிருந்தார். நோயாளிக்குக் கொயினா கொடுப்பதோடு நில்லாமல், நோயாளிகள் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கணக்கெடுத்தார். சதுப்பு நீரை வடிக்கவும், புதர் வெட்டவும் செய்வித்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஊரிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. வேலையும் கல்வியும் ஒரே ஆளிடம் கூடியதால் விளைந்த பயன் இது. அந்த வடிகால்கள் வெட்டிய மண்ணின் மேல்தான் இன்று நாம் கடை வைத்திருக்கிறோம்.

முன்னோர் கண்ட வழி

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுமை என்று யாரும் எண்ண வேண்டாம். பாரசீகத்து ராய் நகரில் பிறந்து பக்தாதில் வைத்தியசாலைத் தலைவராக இருந்த அபூபக்கர் அர்ராஸி, ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே மாணவர்களை வட்டம் வட்டமாக உட்கார வைத்துப் பாடம் நடத்தினார் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. வரும் நோயாளியை வெளிவட்டத்து மாணவர் முதலில் பார்ப்பர். அவர்களுக்கு விளங்காவிட்டால் அடுத்த வட்டத்தார் பார்ப்பர். அவர்களுக்கும் விளங்காதபோது ராஸியே பார்ப்பார். தன்னால் ஆவது எது, மேலிருப்பவரிடம் ஒப்படைக்க வேண்டியது எது என்பதைப் படிப்படியாகக் கற்கும் முறை அது.

இன்னொரு வரலாறு. ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் ஒரு நோயாளி இறந்துபோனார். செய்தி கலீபா முக்ததிருக்கு எட்டியது. இனிப் பரீட்சை கொடுத்துத் தேறாத எவரும் வைத்தியம் செய்யலாகாது என்று அவர் உத்தரவிட்டார். பரீட்சை செய்யும் பொறுப்பு ஸினான் இப்னு தாபித் என்ற பெரிய வைத்தியரிடம் ஒப்படைக்கப்பட்டது. புகழ்பெற்ற சிலரை விட்டு, 860க்கும் மேற்பட்டவர்கள் பரீட்சைக்கு வந்தார்கள். அவர்கள் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

அவர்களுள் கண்ணியமான தோற்றமுள்ள முதியவர் ஒருவர் வந்தார். நன்றாக உடுத்தியிருந்தார். பொற்காசுகளை எடுத்து வைத்துவிட்டு, தமக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்றும், இந்தத் தொழிலால்தான் குடும்பம் பிழைக்கிறதென்றும் மறைக்காமல் சொன்னார். ஸினான் சிரித்தார். தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது, இரத்தம் எடுக்கவோ கடுமையான பேதி மருந்து கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனையின் மேல் அவரை விட்டார். தாம் எந்நாளும் சர்பத்துக்கு மேல் போனதில்லை என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் கற்றாய் என்று கேட்க, தகப்பனாரிடம் என்றார். யார் தகப்பனார் என்றால், நேற்று வந்த அந்த முதியவர்! நீயும் அதே நிபந்தனையோடு போ என்றார் ஸினான்.

சிரிப்பதற்கு மட்டும் உள்ள கதையன்று இது. வரம்பை அறிந்து நிற்பவனால் கேடு குறைவு. ஆனால் அந்த வீட்டில் மகனும் தகப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். சர்பத்துக்கு மேல் வேண்டிய நோயாளி அவர்களிடம் வந்தால் கதி என்ன? வரம்பை மதிக்கவும் வேண்டும், முறையாகக் கற்று வரம்பை விரிக்கவும் வேண்டும். இந்த மேற்படிப்பின் உட்கருத்து இதுவே.

பிற நாடுகளிலும் நம் நாட்டிலும்

இக்காலத்தில் இம்முறைக்கு வித்திட்டது 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம். லோரெட்டா ஃபோர்டு என்ற தாதியும் ஹென்ரி சில்வர் என்ற டாக்டரும் சேர்ந்து, டாக்டர் போதாத இடங்களில் குழந்தைகளைப் பார்க்க அனுபவமுள்ள தாதியரைப் பயிற்றினார்கள். சிங்கப்பூரில் தேசியப் பல்கலைக்கழகம் 2003இல் தாதியருக்கு இத்தகைய முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியருக்கென இரண்டு வருஷப் பட்ட மேற்படிப்பை இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. வார்டில் வேலை செய்துகொண்டே படிக்கும் முறை அது.

நம் நாட்டில் அக்காலத் தோட்டத்து ஆஸ்பத்திரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். டிரெஸ்ஸர் என்று அழைக்கப்பட்டவர்தாம் தோட்டத்துக்கு வைத்தியர். புண் கட்டுவார், மருந்து கலப்பார். டாக்டர் எப்போதாவது வருவார். டிரெஸ்ஸர்களில் தமிழர் பலர், மலையாளிகள் பலர். அவர்கள் வேலையிலேயே கற்றவர்கள். அந்த வரிசையில் வந்த ஆஸ்பத்திரி உதவியாளர்களே பின்னர் மருத்துவ உதவியாளர்கள் ஆகி, இன்று உதவி மருத்துவ அதிகாரிகள் எனப்படுகிறார்கள். அவர்களைப் பதிவு செய்ய 1977இல் தனிச் சட்டம் வந்தது. தாதியருக்கு 1950ஆம் வருஷச் சட்டம் உண்டு. உடற்பயிற்சிச் சிகிச்சை போன்ற மற்றத் துறையினருக்கு 2016இல் சட்டம் இயற்றப்பட்டது. கண்டு பழகியவர் என்ற நிலையிலிருந்து கற்றுப் பதிந்தவர் என்ற நிலைக்கு வர இத்தனை காலம் ஆயிற்று.

இங்கே படிகள் இவ்வாறு அமைந்துள்ளன. மலேசியக் கல்வித் தகுதி அமைப்பில் டிப்ளமா 4ஆம் படி, மேல் டிப்ளமா 5, இளங்கலைப் பட்டம் 6, முதுகலை 7, டாக்டர் பட்டம் 8. டிப்ளமாத் தாதியர் பலர் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் தீவிர சிகிச்சை, சிறுநீரகம், பிரசவம் போன்ற துறைகளில் மேற்பயிற்சி பெறுகிறார்கள். அதற்கும் மேலே போக விரும்புவோருக்கு லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகமும், செராஸில் மருத்துவப் பிரிவு கொண்ட தேசியப் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் நாலாவது நிலையம் யுனிவர்சிட்டி. கிள்ளானிலிருப்பவர் கொமுட்டரில் வந்து எல்ஆர்டிக்கு மாறலாம். அந்த ரயில் பெட்டிதான் நம் தங்கை மகளுக்கு இப்போது படிப்பறை.

நாலு ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம், வயது. இந்தப் படிப்புக்கு அனுபவமே மூலதனம். வார்டைக் காணாத இருபத்திரண்டு வயதுப் பிள்ளையால் இதைப் படிக்க இயலாது. முப்பத்தைந்தும் நாற்பதும் இதற்கு உரிய வயதுதான்.

இரண்டாவது, பெண்பிள்ளைக்கு எதற்கு என்பது. 1890களில் தமிழ்நாட்டுத் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒரு பாதிரியார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முதலியார், ஒருவர் முஸ்லிம். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். வீட்டில் டாக்டர் இருந்தார், ஆனால் அவர் ஆண். ஆண் வைத்தியரை மூவரும் ஒப்பவில்லை. பாதிரியாரின் மகள் ஐடா ஸ்கடருக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போனார்கள். அந்தப் பெண் அமெரிக்கா சென்று 1899இல் டாக்டராகித் திரும்பி, வேலூரில் வைத்தியசாலை கண்டார். 1909இல் அங்கே தாதியர் பள்ளி தொடங்கியது. 1946இல் அதுவே பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. நம் வீட்டுப் பெண்களைப் பார்க்கப் பெண் வேண்டும் என்று கேட்கிற நாமே, நம் வீட்டுப் பெண் படிக்க வேண்டாம் என்று சொல்வது என்ன நியாயம்?

மூன்றாவது, இது டாக்டருக்குப் போட்டியா என்பது. இல்லை. முதுகலை முடித்தவுடன் மருந்துச் சீட்டு எழுதும் உரிமை தானாக வந்துவிடாது. நம் நாட்டில் 1952ஆம் வருஷ விஷப் பொருள் சட்டம் அதற்கு எல்லை வகுத்திருக்கிறது. ஸினான் சொன்ன நிபந்தனை இன்றும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு தெரிந்தவரிடம் டாக்டருக்கே நம்பிக்கை அதிகம்.

நாலாவது, சம்பளம் கூடுமா என்பது. கடைக்காரருக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். ஒளிக்காமல் சொல்வோம். பட்டம் வந்த மாதமே சம்பளம் கூடும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. பதவி உயர்வும், விரிவுரையாளர் வேலையும் பிறகு வரலாம், வராமலும் போகலாம். வட்டிக் கடைக்காரன் போல் இதை மாதத் தவணையில் கணக்குப் பார்த்தால் நஷ்டமாகத் தோன்றும். நம் தாயாரின் அந்த ஓரிரவை எந்தப் பற்று வரவில் எழுதுவது?

சேருமுன் பார்க்க வேண்டியவை

1. கடைத் தராசுக்கு முத்திரை இருப்பதுபோல் படிப்புக்கும் முத்திரை உண்டு. மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பட்டமாயின் உங்கள் தொழில் வாரியம் ஏற்குமா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள்.

2. படிப்பில் நோயாளியை நேரில் பார்க்கும் பயிற்சி உண்டா, அதை மேற்பார்வை செய்ய அனுபவமுள்ள டாக்டரோ மூத்தவரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். ஏட்டுப் படிப்பு மட்டுமாயின் மீதிப் பாதி மீதியாகவே நிற்கும்.

3. டிப்ளமா மட்டும் உள்ளவர் மனந்தளர வேண்டாம். 30 வயதுக்கு மேற்பட்டவரின் வேலை அனுபவத்தை மதிப்பிட்டு முதுகலையில் சேர்க்கும் முறையொன்றைத் தகுதி முகமை நடத்துகிறது. எல்லாப் படிப்புக்கும் அது செல்லாது. தாதிமை போன்ற துறைகளில் வாரியத்தின் நிபந்தனையையும் சேர்த்து விசாரிக்க வேண்டும்.

4. வேலை செய்யும் இடத்தில் முன்கூட்டியே பேசுங்கள். காலை, மாலை, இரவு என்று மாறும் முறையில் வகுப்பு நாள் எப்படி ஒத்துவரும் என்று தலைமைத் தாதியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

5. பணத்துக்கு வழிகள் உண்டு. அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்குப் பொதுச் சேவைத் துறையின் பயிற்சி உபகாரம் உண்டு. ஊழியர் சேமநிதியில் கல்விக்கென ஒரு பகுதியை எடுக்கலாம். தமக்கு மட்டுமன்றி, மனைவி, கணவர், பிள்ளைகள் படிப்புக்கும் எடுக்கலாம். முதுகலைக் கட்டணத்துக்கு வருஷத்துக்கு 7,000 வெள்ளி வரை வருமான வரிச் சலுகையும் உண்டு. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டாருக்கும் சங்கத்துக்கும்

வேலையில் இருப்பவர் படிப்பது தனியாள் படிப்பன்று. ஒருவர் படிக்க நாலு பேர் சுமக்க வேண்டும். இரவு வேலை முடிந்து வந்தவர் தூங்க வேண்டும், சமைக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும், பிறகு தம் பாடத்தையும் எழுத வேண்டும் என்றால் எந்த உடம்பு தாங்கும்? பாதியில் நின்றுவிடுகிறவர்கள் பலர் புத்தி போதாமல் நிற்பதில்லை, கை கொடுப்பார் இல்லாமல் நிற்கிறார்கள்.

நம் வீட்டில் நாம் செய்த ஏற்பாட்டைப் பெருமைக்காக அன்றி, பரிகாரமாகவே சொல்கிறோம். தாயார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் தங்கை வீட்டுக்குப் போய், மடித்து வைத்த அந்தத் தாளைக் கேட்டோம். தேதி கடந்திருந்தது. புதுத் தாள் எடுத்து அடுத்த பருவத்துக்கு எழுதினாள். இப்போது அவள் இரண்டாம் பருவத்தில் இருக்கிறாள். வகுப்புள்ள நாட்களில் பிள்ளைகள் இருவரும் பள்ளி விட்டு நேரே கடைக்கு வந்து, கல்லாப் பக்கத்தில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறார்கள். இஷாவுக்குப் பின் அவள் வந்து அழைத்துப் போகிறாள். அவளுடைய கணவர் ஞாயிறு சமையலை ஏற்றுக்கொண்டார். உப்புக் கூடினாலும் யாரும் வாய் திறப்பதில்லை.

சங்கத்தினிடம் மூன்று வேண்டுகோள்கள். ஞாயிறு தோறும் மேல்மாடி அறையைப் படிப்போருக்கென அமைதியாக விட்டுக்கொடுக்க வேண்டும். கட்டணத் தவணைக்குக் கைம்மாற்றாக, வட்டியில்லா அழகிய கடன் நிதி ஒன்று வைக்க வேண்டும். இங்கே படித்தவர் வருஷத்தில் இரண்டு நாள் நம் முதியோரின் காலையும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, தேவையானவரை வைத்தியசாலைக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கொடுத்த கடனுக்கு அதுவே போதுமான லாபம்.

கேள்வி கேட்ட பெரியவருக்கு ஒரு வார்த்தை. தாங்களும் நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது நமக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெண்ணும் வருவாள், இன்ஷா அல்லாஹ். இன்னும் என்ன படிப்பு என்று அவளிடமே கேளுங்கள். அவள் பதில் சொல்வதற்குமுன் தங்கள் செருப்பைக் கழற்றச் சொன்னால், கோபித்துக்கொள்ளாமல் கழற்றுங்கள்.